கோணல் என் கண்ணில் இல்லை



பழைய புதுச்சேரியைப் பற்றியும் ஆபீஸ் நாட்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருப்பவன் இன்றைக்குக் கார் ஸ்டீயரிங்கைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று பார்க்க வேண்டாம். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கார் இல்லாதவர்களும் கடைசி வரை படியுங்கள். உங்களுக்கும் இதில் சேதி உண்டு.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீல் அலைன்மென்ட் செய்து கொடுத்த காரில், வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால், அந்த வேலை முடியவில்லை என்று பொருள். "அப்படித்தான் சார் இருக்கும், பழகிடும்" என்பது பதில் ஆகாது. அந்தக் கோணலை மறைப்பதற்காக ஸ்டீயரிங்கையே கழற்றி நேராக மாட்டிக் கொடுப்பது ஏமாற்று வேலை. அதில் ஆபத்தும் இருக்கிறது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன மழைக்காலத்தில் கடலூர் சாலையில் தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில் என் கார் இறங்கியது. 2020ல் வாங்கிய சின்ன கார். இடது முன்சக்கரம் 'டொம்' என்று விழுந்து எழுந்தது. அடுத்த நாளே அந்தப் பக்கத்தில் கடகடவென்று சத்தம். கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் செய்யும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். இடது டை ராட் எண்ட் ஆடுகிறது என்று சொல்லி, அதை மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தார்கள். அலைன்மென்ட்டுக்கு 350 ரூபாய். கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். எல்லாக் கட்டமும் பச்சை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது. வண்டி நேராகப் போகிறது. ஸ்டீயரிங் மட்டும் வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. கடிகார முள் 12ஐத் தாண்டி இரண்டு நிமிடம் தள்ளி நிற்பது போல. ஸ்டீயரிங்கை நேராக வைத்தால் வண்டி இடது பக்கம் போகிறது.

திரும்பப் போய்க் கேட்டேன். வேலை செய்த பையன் "பழகிடும் சார்" என்றான். முதலாளி வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரோடு சாய்வு சார் அது. தாள்ல எல்லாம் பச்சையா இருக்கு பாருங்க. நீங்க கண்ணாடி மாத்தி எவ்ளோ நாளாச்சு?" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்று ராத்திரி பெங்களூரிலிருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "அப்பா, எதுக்கும் கண் டாக்டரை ஒரு தடவை பாத்துடுங்க. வயசும் எழுபத்தி நாலாச்சு. ஒரு டிரைவரை வெச்சுக்கலாமே" என்றான். அக்கறையில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நான் ஆடிப்போய்விட்டேன். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. பார்வை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தும் சந்தேகம் வந்துவிட்டது. சாவியை ஆணியில் மாட்டினேன். என் மனைவியை முட்டி வலிக்கான பிசியோதெரபிக்குச் செவ்வாயும் வெள்ளியும் கூட்டிப்போக வேண்டும். ஒரு வாரம் ஆட்டோவில் போனோம். ஆட்டோவில் ஏறி இறங்குவதற்கே அவளுக்கு முட்டி இன்னும் கொஞ்சம் வலித்தது.

ஒரு விஷயம் நினைவுக்கு வந்திராவிட்டால் சாவி அந்த ஆணியிலேயே தொங்கியிருக்கும்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது உங்களுக்குத் தெரியும். நாம் வீல் அலைன்மென்ட் என்று சொல்வதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் வார்த்தை 'பாராலேலிஸ்ம்'. அதாவது இணையாக இருத்தல். முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்ளே குவிந்திருந்தால் 'பேன்ஸ்மான்', கிள்ளிப் பிடிப்பது. விரிந்திருந்தால் 'ஊவெர்த்யூர்', திறந்திருப்பது. நம் பட்டறைகளில் டோ இன், டோ அவுட் என்கிறார்களே, அதேதான். ஜியாமெத்ரி வகுப்பில் எங்கள் மிசியே இரண்டு கோடுகளைப் போட்டுவிட்டு, இணையா இல்லையா என்று கேட்பார். யாராவது கண்ணால் பார்த்துப் பதில் சொன்னால் கோபம் வந்துவிடும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அறுபது வருஷம் கழித்து அது எனக்கு உதவியது. என் கண் சரியா, கடைக்காரர் கண் சரியா என்று எதற்கு வாதாட வேண்டும்? அளந்து பார்த்துவிட்டால் போகிறது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளில் கார் நிறுத்தும் இடம் காலியாகக் கிடக்கும். நல்ல சிமென்ட் தரை. வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு காரை அங்கே எடுத்துப் போனேன். ஸ்டீயரிங்கின் உச்சியில் வெள்ளைக் காகித டேப் ஒரு துண்டு, அதற்கு நேர் எதிரே பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் மூடியில் இன்னொரு துண்டு. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை ஒட்டி, நடந்து போகிற வேகத்தில் நேராக ஓட்டினேன். என் மனைவி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்தாள். அந்தப் பக்கம் மூன்று முறை, இந்தப் பக்கம் மூன்று முறை. தரையில் சாய்வு இருந்தால், திரும்பி வரும்போது கோணலும் எதிர்ப்பக்கம் மாற வேண்டும் அல்லவா? மாறவில்லை. ஆறு படத்திலும் அதே வலது பக்கம், அதே அளவு. டேப்பிலிருந்து டேப்புக்கு விளிம்பின் மேல் 4 செ.மீ. ஸ்டீயரிங்கின் சுற்றளவு 116 செ.மீ. கணக்குப் போட்டால் 12 டிகிரிக்குக் கொஞ்சம் மேல்.

"உங்க கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. வண்டிதான் கோணல்" என்றாள் என் மனைவி. எனக்கு எத்தனையோ ஆபீசர்கள் நற்சான்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதுவும் இதற்கு ஈடாகாது.

படங்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி மூன்று படம் பார்த்தார். முகம் மாறியது. "அஞ்சு நிமிஷம் சார், எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன். ஸ்டீயரிங் நேராக இருந்தது. வண்டி மெஷின் மேல் ஏறவே இல்லை. காசும் கேட்கவில்லை. நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். எப்படி ஐந்து நிமிடத்தில் சரியானது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தப்பு.

பன்னிரண்டு நாள் கழித்து, பிசியோதெரபி நடக்கும் இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தேன். உள்ளே 'டப்' என்று சின்னச் சத்தம். அதிலிருந்து ஹாரன் அடிக்கவில்லை. டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்தது; அணையவே இல்லை.

மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. ஐம்பது வயது மெக்கானிக். ஸ்டீயரிங்கைத் திறந்து பார்த்ததும், "இதை யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க சார். நட்டுல புதுசா கீறல் இருக்கு பாருங்க" என்றார். பிறகு அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

ஸ்டீயரிங் ஒரு தண்டின் மேல் பல்லுப் பல்லாக உட்கார்ந்திருக்கிறது. தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல் தள்ளி மாட்டும்போது ஸ்டீயரிங் 10 டிகிரி மாறிவிடும். என் கோணல் 12 டிகிரி. ஒரு பல் தள்ளி மாட்டியதும் மீதி இரண்டு டிகிரி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த ஐந்து நிமிட வேலை இதுதான்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். ஏர்பேக் உள்ள காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு வட்டப் பெட்டிக்குள் மெல்லிய நாடா போன்ற வயர் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஸ்டீயரிங் சுழலும்போது ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் அறுபடாமல் போவது அதன் வழியாகத்தான். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சில சுற்றுதான் அது தாங்கும். ஸ்டீயரிங் வெளியே இருக்கும்போது அந்தப் பெட்டி நடு நிலையை விட்டுச் சுழன்றுவிட்டால், அதைக் கவனிக்காமல் மாட்டினால், பிறகு ஒருநாள் முழுக்க ஒடிக்கும்போது நாடா இழுபட்டு அறுந்துவிடும். எனக்கு அறுந்தது. அந்தச் சிவப்பு விளக்கு எரியும் நிலையில் மோதல் நடந்தால் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. 2019 ஜூலையிலிருந்து புதிய கார்களில் ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் கட்டாயம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் என் காரில் அது இல்லாதபடி செய்துவிட்டார். அவருக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, கோணல் வந்தது எப்படி? முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு டை ராட் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் முனையில் மரையும் லாக் நட்டும் உண்டு. மரையைத் திருகினால் ராட் நீளும் அல்லது குறையும்; சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பும். அலைன்மென்ட் தொடங்கும் முன் ஸ்டீயரிங்கைச் சரியாக நடுவில் வைத்து, அசையாதபடி சீட்டிலிருந்து கிளாம்ப் கொடுத்து நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் இடது வலது சக்கரங்களைத் தனித்தனியாகத் திருத்த வேண்டும். என் வண்டியில் அந்தக் கிளாம்ப்பைப் போடவில்லை. ஸ்டீயரிங் எங்கேயோ நிற்க, அதற்குத் தகுந்தாற்போல் சக்கரங்களை இணையாக்கிவிட்டார்கள்.

அப்படியானால் தாளில் பச்சை எப்படி வந்தது என்று கேட்டேன். "மெஷின் வீலைத்தான் சார் பாக்குது. ஸ்டீயரிங் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது" என்றார். முப்பத்தெட்டு வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவனுக்கு இது உடனே புரிந்தது. தவறான தலைப்பில் செலவை எழுதினாலும் கூட்டுத்தொகை சரியாகத்தான் வரும். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறவன் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

அவர் முதலில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்றி எண்ணினார். அதில் பாதியில் நிறுத்தினால் அதுதான் நடு. புதுக் கிளாக் ஸ்பிரிங்கை நடுவில் வைத்து மாட்டி, ஸ்டீயரிங்கைப் பழைய பல்லிலேயே உட்கார வைத்தார். கிளாம்ப் போட்டார். பிறகு இடது ராடை நீட்டிய அளவுக்கு வலது ராடைக் குறைத்தார். ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. ஒன்று நீண்டு மற்றது அதே அளவு குறைந்தால் சக்கரங்களுக்கு நடுவேயுள்ள டோ மாறாது. ஸ்டீயரிங் மட்டும் நேராகிவிடும். கடைசியில் லாக் நட்டை இறுக்கி, மறுபடி அளந்து, ஓட்டியும் பார்த்தார். வேலை முக்கால் மணி நேரம். கிளாக் ஸ்பிரிங்கின் விலை மட்டும் ஏழாயிரத்துக்கு மேல்.

அந்தப் பணத்தை முதல் கடையில் கேட்கப் போனேன். "நாங்க ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லையே சார்" என்றார்கள். ஐந்து நிமிட வேலைக்கு ரசீது ஏது? ரசீது இல்லாமல் ஒரு பைசா பில் பாஸ் செய்யாத ஆசாமி நான். இலவசம் என்றதும் வாயைப் பிளந்துகொண்டு வந்துவிட்டேன்.

சில நண்பர்கள், "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இந்தப் பாடு? வண்டி ஓடுகிறதல்லவா?" என்று கேட்டார்கள். சின்ன விஷயம் என்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள். கிளாம்ப் போடச் சோம்பல்படும் கடை டோவை மட்டும் ஒழுங்காகப் பார்க்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? டயரின் விட்டம் 58 செ.மீ. என்று வையுங்கள். டோ மொத்தம் 3 மில்லிமீட்டர் தப்பாக இருந்தால், ஒவ்வொரு முன்சக்கரமும் கிலோமீட்டருக்கு சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் தரையில் தேய்ந்துகொண்டு போகிறது. இங்கிருந்து சென்னை 150 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் கிட்டத்தட்ட 400 மீட்டர் தேய்மானம். நம் பென்ஷனில் வாங்கிய டயர் அது.

இன்னும் சிலர், பையன்களைக் குறை சொல்லாதே, பாவம் என்கிறார்கள். பையனை நான் குறை சொல்லவில்லை. 350 ரூபாய் வேலையில் அவனுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது? பின்னால் நான்கு வண்டி நிற்கிறது, முதலாளி கத்துகிறார். கிளாம்ப்பை மாட்டிக் கழற்ற அவனுக்கு நேரம் கொடுத்தவர் யார்? நாமும் யோக்கியர்கள் இல்லை. "அடுத்த கடையில் 300தான்" என்று பேரம் பேசுகிறோம். நான் குறை சொல்வது முதலாளியை. அதைவிடவும், பச்சைத் தாளைக் காட்டியதும் வாயை மூடிக்கொள்ளும் நம் பழக்கத்தை.

ஆகவே, வண்டி வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை.

கடைக்குப் போவதற்கு முன் நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எல்லாவற்றுக்கும் அலைன்மென்ட்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். காற்றுக் குறைவு, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, டயரின் குணம், எதுவும் காரணமாகலாம். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதும் இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். நம் சாலைகள் ஓரமாகச் சரிந்திருப்பதால் இடது பக்கம் லேசாகப் போவதும் இயல்பு. ஆனால் சமதரையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்பது இயல்பு இல்லை.

டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், புஷ் எதிலாவது ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற வண்டியில் அலைன்மென்ட் செய்தால் பத்து நாள் தாங்காது. வேலைக்கு முந்திய அளவு ஒன்று, பிந்திய அளவு ஒன்று என இரண்டையும் அச்சடித்துக் கேளுங்கள். "ஸ்டீயரிங் கிளாம்ப் போட்டாயா தம்பி?" என்று கேளுங்கள். அங்கேயே நின்று பாருங்கள். டீ குடிக்கப் போகாதீர்கள். முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் கோணல் போகவில்லை என்றால் பின் அச்சு திரும்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் கோணல் பார்த்தால் அதை ஈடுகட்ட முன்பக்க ஸ்டீயரிங் சாய்ந்துதான் நிற்கும். ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் சேதி உண்டு என்று சொன்னேன் அல்லவா? அது இதுதான். வயதானவன் ஒரு குறையைச் சொன்னால் குறை அவனிடம்தான் என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் வசதி. பாங்கில் கணக்கு இடித்தால் உனக்கு மறதி. மின்சார பில் எகிறினால் நீதான் விளக்கை அணைக்கவில்லை. ஸ்டீயரிங் கோணல் என்றால் உன் கண் கோணல்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி கிடையாது. பென்ஷன் பிரிவில் நான் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். நிலுவைத் தொகையில் 11 ரூபாய் குறைகிறது என்றார். பதிவேட்டைத் திறக்காமலேயே, "கணக்கெல்லாம் உங்களுக்குப் புரியாது பெரியவரே" என்று அனுப்பிவிட்டேன். மறுபடி வந்தார். மூன்றாவது முறை வந்தபோதுதான் திறந்து பார்த்தேன். 11 ரூபாய் குறைந்துதான் இருந்தது. அதை வாங்க அவர் வில்லியனூரிலிருந்து மூன்று தடவை பஸ்சில் வந்திருந்தார். அவர் முகம் இப்போது அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

கண் மங்கும் வயதுதான், மறக்கவில்லை. நாளைக்கு டாக்டர் ஓட்டக்கூடாது என்றால் சாவியைக் கொடுத்துவிடுவேன். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும். டயர் கடைக்காரர் சொல்ல வேண்டாம். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால், உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். அளந்து பாருங்கள். அளந்ததைக் காட்டுங்கள்.

மகனுக்கு ஆறு படங்களையும் அனுப்பினேன். "சாரிப்பா" என்று பதில் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.